சத்தியக் கடதாசியில் எழுதிய உறவு

1

நேற்று மகன் ஒரு கேக் வாங்கி வந்தான். வெள்ளை ஐசிங்கின் மேல் நீல எழுத்தில் 'அம்மா 5' என்று எழுதுவித்திருந்தான். எனக்கு வயது ஐம்பத்தொன்பது. கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து ஐந்து வருடம் என்பதுதான் அந்த ஐந்து. இங்கே அந்த நாளைப் பிறந்த நாள் மாதிரிக் கொண்டாடுகிற தமிழ் வீடுகள் நிறைய உண்டு.

"வெட்டுங்கோ அம்மா," என்றான் பிரதீபன். மருமகள் படம் எடுத்தாள். பேத்தி ஆங்கிலத்தில் வாழ்த்துப் பாடினாள். நானும் வெட்டினேன், ஒரு துண்டு தின்றேன், இனிப்புக் கூடாது என்று வைத்தியர் சொன்னதை ஞாபகப்படுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டேன். இனிப்பு மீது பழியைப் போடுவது வசதியாக இருந்தது.

அந்த உரிமைக்காக நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்பதை இந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகளே இல்லை என்று உறுதிமொழி எடுத்துக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவள் பெயர் சுகன்யா. திருகோணமலையில் இருக்கிறாள். பனி எப்படிக் கொட்டுகிறது, சாமான் எங்கே மலிவு என்றெல்லாம் ஊருக்கு எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது அந்தக் கையெழுத்தைப் பற்றி.

2

திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்டத்து அரச அலுவலகத்தில், இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள் நான். பிழையான படிவங்களைத் திருப்பி அனுப்புவது என் வேலையில் பாதி. தம்பலகாமத்திலிருந்து வயல்வேலையை விட்டுவிட்டு விடியப் பஸ் ஏறி வந்த கமக்காரரை, தாயின் பெயர் ஓர் இடத்தில் 'தெய்வானை' என்றும் இன்னோர் இடத்தில் 'தெய்வானைப்பிள்ளை' என்றும் இருப்பதைக் காட்டி, "இதைத் திருத்திக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பியிருக்கிறேன். "ரெண்டும் ஒரே ஆள்தான் பிள்ளை" என்பார்கள். "எனக்குத் தெரியும் ஐயா, கடதாசிக்குத் தெரியாதெல்லோ" என்பேன். அது கெட்டித்தனமான பதில் என்று அப்போது நினைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

என் தங்கை கமலா மூளைக்காய்ச்சலில் இறந்தபோது அவளுடைய பிள்ளைக்குப் பதினான்கு மாதம். செத்தவீடு முடிந்த அன்றே பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு உவர்மலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதைப்பற்றி ஒருவரும் கூடிப் பேசவுமில்லை, முடிவெடுக்கவுமில்லை. தங்கையின் பிள்ளையைத் தமக்கை வளர்ப்பதற்கு என்ன கூட்டம் வேண்டிக்கிடக்கிறது? பிரதீபனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுக்குச் சோறு தீத்திவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். என்னை அவன் அம்மா என்று கூப்பிட்டான், அவளும் அம்மா என்றாள்.

அவளுடைய தகப்பன் இறக்கக்கண்டிக்காரர். தாயோடு அங்கேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மீனோடு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்கென்று சைக்கிளில் போனவர் வீடு வந்து சேரவில்லை. சைக்கிளும் வரவில்லை. எங்கள் மாவட்டத்தில் 'காணாமற் போனவர்' என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

'அப்போதே கோர்ட்டில் போய்த் தத்தெடுத்துப் பதிந்திருக்கலாமே?' என்று இங்கே ஒரு வழக்கறிஞர் என்னைக் கேட்டார். பதிவதற்குத் தகப்பனின் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் அவருடைய மரணச் சான்றிதழ் வேண்டும். சம்மதம் சொல்ல ஆள் இல்லை. சான்றிதழ் எடுப்பதென்றால், மகன் வருவான் என்று இறக்கக்கண்டியில் வாசற்கதவைப் பூட்டாமல் படுக்கிற ஒரு தாயிடம் போய், "மகனைச் செத்ததாகப் பதியுங்கோ" என்று கேட்க வேண்டும். அதை நான் செய்யவில்லை. அதையும்விட உண்மையான காரணம் ஒன்று உண்டு. அப்படி ஒரு பதிவு தேவை என்றே எனக்குத் தோன்றவில்லை. சொந்தப் பிள்ளையை யாராவது தத்தெடுப்பார்களா?

3

கணவர் இறந்து இரண்டாம் வருடம் மகன் கனடாவிலிருந்து கூப்பிட்டான். அவனுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. "ஆறு மாசம் வந்து நிண்டிட்டுப் போங்கோ அம்மா," என்றான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விசாவுக்கு எழுதிக்கொடுக்கிற ஒருவரிடம் போனேன்.

"பிள்ளையள் எத்தினை பேர் அக்கா?"

"ரெண்டு பேர். மூத்தவன் கனடாவில, மகள் இஞ்ச படிக்கிறாள்."

"நல்லதாப் போச்சு. படிக்கிற மகளை விட்டிட்டுப் போறியள் எண்டால், திரும்பி வருவியள் எண்டு நம்புவினம்."

அவர் தட்டச்சில் அடித்து நீட்டியதை நான் வரிவரியாக வாசித்தேன். கச்சேரிக்காரி அல்லவா, வாசிக்காமல் கையெழுத்து வைப்பேனா? 'மகன், மகள்' என்று இருந்தது. ஒரு பிழையும் என் கண்ணில் படவில்லை. இருபத்தாறு வருடம் மற்றவர்களின் பிழைகளைப் பிடித்த கண் அது. நான் பொய் எழுதவில்லை என்பதை இன்றைக்கும் சொல்வேன். எங்களில் எந்தத் தாயைக் கேட்டாலும் இப்படித்தான் எழுதியிருப்பாள்.

விசா வந்தது. எழுதிக்கொடுத்தவர் சொன்னது சரி. அவளைப் பிணை வைத்துத்தான் நான் விமானம் ஏறினேன். அவளுக்குப் பதினேழு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். கணவரின் தங்கை, என் மச்சாள், வீட்டில் வந்து நின்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். விடிகாலை வான் ஏறும்போது சுகன்யா அழவில்லை. "ஆறு மாசந்தானே அம்மா, எனக்கும் சோதினை இருக்குது," என்றாள்.

ரொறன்ரோவில் நாலாம் மாதம் எனக்கு நெஞ்சு நொந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்தார்கள். விசிட்டராக வந்தவளுக்கு இங்கே நோய் வருத்தம் வருவது ஒரு குற்றம் மாதிரி. எந்த அலுவலரும் முதலில் கேட்டது என் நெஞ்சைப் பற்றி இல்லை, என் விசாவைப் பற்றி. இப்போதைக்கு விமானம் ஏற வேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். விசாவை நீடித்தோம். பிறகு இன்னொரு முறை நீடித்தோம். ஒவ்வொரு முறையும் மறுமொழி வரும்வரைக்கும் நான் சூட்கேசைக் கட்டிலின் கீழே தள்ளாமல் அறை நடுவிலேயே வைத்திருந்தேன்.

அந்த நேரம்தான் பெற்றோரை நிரந்தரமாகக் கனடாவுக்கு எடுப்பதற்கான அரசாங்கக் குலுக்கலில் மகனின் பெயர் விழுந்தது. எங்கள் ஆட்கள் இதற்கு 'எடுக்கிறது' என்றுதான் சொல்வார்கள். தாயை எடுக்கிறது, தம்பியை எடுக்கிறது. கடையில் சாமான் எடுப்பதுபோல இருக்கிறதே என்று முன்பெல்லாம் பகிடி பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன். "முதல் நான் எடுபட்டால், பிறகு உன்னை எடுக்கிறது லேசு," என்று சுகன்யாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் நம்பினாள். நானும் நம்பித்தான் சொன்னேன்.

4

மகன்தான் வதிவிட உரிமைக்கான படிவங்களை நிரப்பினான். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழ் வைக்க வேண்டும். சுகன்யாவின் சான்றிதழில் தாயின் பெயர் கமலா. அதனால் அவன் ஒரு பிள்ளை என்று எழுதி அனுப்பிவிட்டான். என்னிடம் சொல்லவில்லை.

ஏழு மாதத்துக்குப் பிறகு குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. விசிட்டர் விசாவுக்கு எழுதியபோது இரண்டு பிள்ளைகள், இப்போது ஒரு பிள்ளை. இரண்டில் எது பொய்? முப்பது நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தி இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளப்படும், ஐந்து வருடத்துக்கு இந்த நாட்டின் பக்கமே வர முடியாது. தெய்வானைக்கும் தெய்வானைப்பிள்ளைக்கும் நடுவில் அந்தக் கமக்காரர் நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன்.

மகன் என்னை ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப் போனான். அவர் வெள்ளைக்காரர். மொழிபெயர்க்க ஒரு பெண் வந்திருந்தாள். சென்னைப் பக்கத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். சுகன்யா யார் என்று வழக்கறிஞர் கேட்டார்.

"பெறாமகள்," என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "பெறாத மகளா மேடம்? அப்படின்னா தத்துப் பொண்ணா?"

"இல்லைப் பிள்ளை. தத்தெடுக்கேல்ல. தங்கச்சியின்ர மகள். எங்கட பக்கம் அதைப் பெறாமகள் எண்டுதான் சொல்லுறது."

"ஓ, தங்கச்சி பொண்ணு. அவ்வளவுதானே."

அவ்வளவுதான். அவள் ஆங்கிலத்தில் 'நீஸ்' என்று ஒரே ஒரு சொல் சொன்னாள், வழக்கறிஞர் அதை எழுதிக்கொண்டார். அந்தச் சொல்லை எனக்கும் தெரியும். அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் என் அண்ணனின் மகளும் என் தங்கையின் மகளும் ஒரே உறவு. எங்களுக்கு அண்ணனின் மகள் மருமகள், மகனுக்குக் கட்டிவைக்கலாம். தங்கையின் மகள் மகள்தான், மகனுக்குத் தங்கச்சி. அதனால்தான் மகள் என்கிற சொல்லை வெட்டி எறியாமல், பெறாத என்பதை மட்டும் முன்னால் சேர்த்து வைத்திருக்கிறோம். இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தி, அவள் அதை அவருக்கு விளங்கப்படுத்தி முடிக்க நேரம் இருக்கவில்லை. வெளியில் அடுத்த ஆட்கள் காத்திருந்தார்கள்.

வழக்கறிஞர் சத்தியக் கடதாசியைத் தயாரித்தார். அந்தப் பெண் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள். சுகன்யா என்பவர் என் மகள் அல்ல. அவர் என் இறந்த சகோதரியின் மகள். முந்திய படிவத்தில் அவரை மகள் என்று குறிப்பிட்டது பிழை.

"பிழை இல்லை," என்றேன்.

பிரதீபன் என் கையைப் பிடித்தான். "அம்மா, பிழை எண்டு எழுதினால்தான் சரிவரும்."

"எனக்கு அவள் மகள் இல்லையோடா? உனக்கு அவள் ஆர்?"

"எனக்குத் தங்கச்சிதான். இது சும்மா கடதாசி அம்மா. அவளுக்கு விளங்கும்."

நான் கச்சேரியில் சொன்ன அதே கதையை அவன் தலைகீழாகச் சொன்னான். கடதாசிக்குத் தெரியாது என்று நான் சொன்னேன், கடதாசிதானே என்று அவன் சொல்கிறான். என் பிள்ளைதான். கடவுளின் பெயரால் சத்தியம் செய்கிறீர்களா, இல்லை வெறும் உறுதிமொழியா என்று வழக்கறிஞர் கேட்டார். கடவுளை இதற்குள் இழுக்க எனக்கு மனம் வரவில்லை. உறுதிமொழி என்றேன். கையெழுத்து வைத்தேன். பழக்கப்பட்ட கை.

5

அதோடு முடியவில்லை. சுகன்யாவும் ஒரு கடிதம் தர வேண்டுமாம். தான் என் மகள் அல்ல, என் ஆதரவில் தங்கி வாழ்பவளும் அல்ல என்று ஒரு சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். கமலாவின் மரணச் சான்றிதழும் வேண்டும்.

இதை நான்தான் அவளிடம் கேட்டேன். மகனை விட்டுக் கேட்பித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

"சேட்டிபிகேற் அலுமாரியில மேல்தட்டில கிடக்குது," என்றேன்.

"ஓம், எனக்குத் தெரியும். வேறென்ன வேணும்?"

"நீ ஒரு கடிதத்தில சைன் வைக்க வேணும்." என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். அவளுக்குப் பின்னால் வீதியில் பாண் விற்கிற வண்டியின் பாட்டுக் கேட்டது.

"அப்ப, பிறகு என்னை எடுக்க ஏலாதோ அம்மா?"

"முதல் இது சரிவரட்டும். பிறகு பாப்பம்."

ஏலாது என்று வழக்கறிஞர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தே சொன்ன பொய் இது ஒன்றுதான். படிவத்தில் எழுதியது பொய் இல்லை, பிள்ளைக்குச் சொன்னதுதான் பொய்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. முத்திரை குத்தி, கையெழுத்து வைத்து, நேராகப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். 'சரியோ பாருங்கோ அம்மா' என்று கீழே எழுதியிருந்தாள். தான் எனக்கு மகள் இல்லை என்று எழுதின கடதாசியை எனக்கே அனுப்பி, அம்மா, சரியா என்று கேட்டிருந்தாள். அந்த இடத்தில் நான் உடைந்துபோனேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சமாதான நீதவான் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு ஹாஜியார். கச்சேரிக்கு அலுவலாக வந்துபோகிறவர், எங்கள் வீட்டைத் தெரிந்தவர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாராம். "இதுக்கு முத்திர குத்த எனக்கு மனமில்ல மகள். ஆனா உம்மாவுக்கு வேணுமெண்டா குத்தித்தான் ஆகணும்," என்றாராம். வழியில் போகிற பிள்ளையையும் அந்த மனிதர் மகள் என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு தடையும் இல்லை.

இரண்டு மாதத்தில் வதிவிட உரிமை வந்தது. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

6

அதற்குப் பிறகு அவளை விசிட்டராகவாவது கூப்பிடலாம் என்று பார்த்தோம். எனக்கு இரண்டாம் முறை வலைக்குழாய் வைத்த நேரம் அது. அழைப்புக் கடிதத்தில் உறவு என்ன என்று கேட்ட இடத்தில் அந்த ஆங்கிலச் சொல்லை என் கையாலேயே எழுதினேன். விசா மறுக்கப்பட்டது. திரும்பிப் போவார் என்பதற்கு ஊரில் நெருங்கிய குடும்பம் இல்லை, இங்கே அழைப்பவரும் நெருங்கிய குடும்பம் இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் வாசித்தார்கள்.

போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு முறை ரிக்கற் போட்டேன். இரண்டு முறையும் பயணத்துக்கு முதல் நெஞ்சு நொந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நெஞ்சு வருத்தம் உண்மைதான். ஆனால் ரிக்கற்றை ரத்துச் செய்தபோது எனக்குள் ஓர் ஆறுதலும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நிற்க எனக்குப் பயம்.

அவள் கம்பஸ் முடித்துத் தம்பலகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். ஒவ்வொரு நாளும் எனக்குப் போன் எடுப்பாள். யானை வீதியில் நின்றதால் பஸ் பிந்தியது, மச்சாளுக்கு முழங்கால் வீக்கம், முற்றத்து வாழைக்குருத்தை மான்கள் வந்து தின்றுவிட்டன என்று சொல்வாள். பிரதீபன் அவளுடைய பிறந்த நாளுக்கு ஒரு செய்தி போடுவான். பேத்திக்கு அவள் போனில் வருகிற ஓர் அன்ரி. "அத்தை எண்டு சொல்லு," என்று நான் ஒருமுறை திருத்தினேன். "அப்பான்ர ரியல் சிஸ்டரா?" என்று அவள் கேட்டாள். மகன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் டிவியைப் பார்த்தேன்.

சுகன்யாவுக்குத் தை மாதம் கலியாணம். மாப்பிள்ளை சாம்பல்தீவுப் பொடியன், அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறான். அவர்களாகவே விரும்பியது. இந்த முறை எப்படியும் போவது என்று இருக்கிறேன். பி.ஆர். காட், அந்த வதிவிட அட்டை, ஐந்து வருடத்தில் முடிகிறபடியால், போவதற்கு முதல் அதைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் படிவம் ஒரு கிழமையாக என் மேசையில் கிடக்கிறது.

இன்று காலை, கேக்கின் மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் போன் எடுத்தாள். அங்கே பின்னேரம். அச்சகத்தில் நின்று கதைத்தாள்.

"அம்மா, கலியாணக் காட் அடிக்கக் குடுக்கிறன். பேரை எல்லாம் ஒருக்கால் சரிபார்க்க வேணும். அப்பாவின்ர பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடேல்ல. அப்பம்மா இருக்கிறா, அவ தாங்க மாட்டா."

"நல்லது. அப்பிடியே விடு."

"உங்கட பேரைத்தான் கேக்க எடுத்தனான். மகள் எண்டு போட்டு உங்கட பேரைப் போடத்தான் எனக்கு விருப்பம். ஆனா உது பேஸ்புக்கில எல்லாம் போகும். அங்க ஆரும் கண்டிட்டு, நீங்கள் பொய் எழுதிக் குடுத்தனீங்கள் எண்டு வந்தால் என்ன செய்யிறது? பி.ஆர். காட்டும் புதுப்பிக்கப் போறியள். அதால, பெறாமகள் எண்டு போடச் சொல்லியிருக்கிறன். சரிதானே அம்மா?"

திருகோணமலைக் கலியாணக் காட்டை எடுத்து வைத்து வாசிக்க ஒட்டாவாவில் ஒருவனும் உட்கார்ந்திருக்கவில்லை. வாசித்தாலும் தமிழ் விளங்காது. இருபத்தாறு வருடம் கந்தோரில் இருந்தவளுக்கு இது தெரியாதா? 'விசர்க் கதை கதையாதை, மகள் எண்டு போடு' என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். பின்னால் அச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என் மறுமொழிக்குக் காத்து நின்றாள்.

மேசையில் கிடந்த படிவத்தைப் பார்த்தேன்.

"ஓம் பிள்ளை. அப்பிடியே போடு," என்றேன்.

"சரியம்மா," என்று வைத்துவிட்டாள். அவள் எனக்காகப் பயந்து கேட்டாள். நானும் எனக்காகத்தான் பயந்தேன்.